ஐஸ்கிரீமுக்கு ஒரு நாள், டோனட்டுக்கு ஒரு நாள்: வினோத உணவு தினங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலண்டரில் எந்தத் தேதியைத் தொட்டாலும் ஏதாவது ஒரு தின்பண்டமோ பானமோ அதில் இடம்பிடித்து உட்கார்ந்திருக்கிறது. பலவற்றின் பின்னால் ஒரு கம்பெனியின் விளம்பரப் பிரிவு இருக்கிறது. சிலவற்றின் பின்னால் போரும் நோன்பும் மதுவிலக்கும் இருக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்க்க உதவும் கேள்விகள் இவை.

இந்தத் தினங்களை யார் முடிவு செய்கிறார்கள்?

யார் வேண்டுமானாலும். இதற்கென்று தனி அலுவலகமோ அனுமதியோ கிடையாது. ஒருவர் அறிவிக்க வேண்டும், நாலு பேர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் எங்காவது எழுதி வைத்தால்தானே அடுத்த வருடமும் நினைவிருக்கும். அந்த வேலையை 1957-ல் கையில் எடுத்தவர் வில்லியம் சேஸ். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃப்ளின்ட் என்ற ஊரில் செய்தித்தாள் நூலகராக இருந்தவர். தன் சகோதரர் ஹாரிசனோடு சேர்ந்து, சிதறிக் கிடந்த விசேஷ நாட்களை ஆண்டுதோறும் ஒரு புத்தகமாகத் தொகுக்க ஆரம்பித்தார். ‘சேஸ் நாட்காட்டி’ என்று பேசப்படும் அந்தத் தொகுப்பு பத்திரிகைக்காரர்களுக்கும் வானொலி அறிவிப்பாளர்களுக்கும் கைப்புத்தகமாகவே ஆகிவிட்டது. 2013-ல் வடக்கு டகோட்டா மாநிலத்தின் மாண்டன் என்ற ஊரிலிருந்து ‘நேஷனல் டே காலண்டர்’ என்ற இணையதளம் கிளம்பியது. அது புதிய தினங்களைப் பதிவு செய்யக் கட்டணமும் வாங்கியது. ‘தேசிய’ என்று பெயரில் இருப்பதால் அரசு அறிவிப்பு என்று நினைத்துவிடாதீர்கள்.

அரசு அறிவித்ததே இல்லையா?

உண்டு. ஒரு காலத்தில் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு இதே வேலையாக இருந்தது. அந்த நாள், இந்த வாரம், இன்னொரு மாதம் என்று தீர்மானங்கள் குவிந்தன. போதும் என்று 1995-ல் கீழவை ஒரு விதி போட்டது: இனி நினைவு நாள் அறிவிக்கும் மசோதாவே கொண்டுவரக் கூடாது.

விதி வந்தால் சந்துபொந்தும் வரும் அல்லவா? ‘அறிவிக்கிறோம்’ என்று சொல்லாமல் ‘ஆதரவு தெரிவிக்கிறோம்’ என்று எழுதினால் பிரச்சினை இல்லை என்று கண்டுபிடித்தார்கள். மாவுக்குள் பழம் வைத்துச் சுடும் ‘பை’ என்ற பண்டத்தைச் சாப்பிட்டுக் கணிதத்தைக் கொண்டாடும் ‘பை தினம்’ 2009-ல் கீழவையைத் தாண்டியது இந்த வழியில்தான். அந்த நாளின் கதை கீழே வருகிறது.

விதிக்கு முந்தைய தினங்களில் பெரிய பெயர் ஐஸ்கிரீம் தினம். கென்டக்கி மாநில செனட்டர் வால்டர் ஹடில்ஸ்டன் 1984-ல் தீர்மானம் கொண்டுவந்தார். அந்த ஜூலை 9-ல் அதிபர் ரொனால்ட் ரீகன் கையெழுத்துப் போட்டார். ஜூலை முழுவதும் ஐஸ்கிரீம் மாதம், ஜூலை 15 ஐஸ்கிரீம் தினம். நாட்டில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் ஐஸ்கிரீம் விரும்பிகள், பால் உற்பத்தியில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு ஐஸ்கிரீமுக்குத்தான் போகிறது என்று அந்த அறிவிப்பு சொல்கிறது. பால் பண்ணைக்காரர்களை மனதில் வைத்து எழுதியது என்பது அந்த இரண்டாவது எண்ணிலேயே தெரிந்துவிடும். ‘தகுந்த விழாக்களோடும் நடவடிக்கைகளோடும்’ மக்கள் இதைக் கொண்டாட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறது. கோனை நக்குவதற்கு அரசாங்க மொழியில் இதைவிட மரியாதையான சொற்கள் கிடைக்காது.

அறிவிப்பு அந்த ஒரு வருடத்துக்கு மட்டும்தான். மக்களும் ஐஸ்கிரீம் கடைக்காரர்களும் விடவில்லை. ஜூலை மூன்றாம் ஞாயிறு அப்படியே நிலைத்துவிட்டது.

டோனட் தினத்துக்கும் முதல் உலகப் போருக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். என்னைக் கேட்டால், இந்தப் பட்டியலிலேயே கொண்டாடத் தகுதியான தினம் இதுதான்.

1917-ல் பிரான்சில் போர்முனைக்கு அருகே அமெரிக்கச் சிப்பாய்களுக்கு உதவ சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு பெண்களை அனுப்பியது. விடாத மழை. எல்லாம் சேறு. வீட்டு நினைப்பில் வாடிக்கிடந்த பையன்களுக்கு ஏதாவது சுட்டுக் கொடுக்கலாம் என்றால் பேக்கிங் செய்ய ‘ஓவன்’ இல்லை. கையில் இருந்தது மாவு, சர்க்கரை, பன்றிக் கொழுப்பு, பேக்கிங் பவுடர், டப்பாப் பால். ஹெலன் பர்வையன்ஸ், மார்கரெட் ஷெல்டன் என்ற இரண்டு பெண்கள் இதை வைத்து டோனட் சுடலாம் என்று முடிவு செய்தார்கள். பூரிக்கட்டை கிடையாது. காலி ஒயின் பாட்டிலை உருட்டி மாவைத் தேய்த்தார்கள். அடுப்பு தாழ்வாக இருந்ததால் ஹெலன் மண்டியிட்டே சுட்டார். வாணலியில் ஒரு ஈடுக்கு ஏழுதான் போடலாம். முதல் நாள் மொத்தமே சுமார் 150. வெளியே மழையில் வரிசை நீண்டுகொண்டே போனது.

அப்புறம் டோனட்டுக்கு நடுவில் ஓட்டை வேண்டும் என்று சிப்பாய்கள் கேட்டார்கள். ஹெலன் ஓர் உள்ளூர்க் கொல்லரைப் பிடித்தார். பால் டப்பாவையும் ஒரு சின்னக் குழாயையும் சேர்த்து அவர் ஒரு அச்சு செய்து கொடுத்தார். விஷயம் பரவி, மற்ற முகாம்களிலும் சுட ஆரம்பித்தார்கள். சிப்பாய்களின் இரும்புத் தொப்பியிலேயே சுட்டதாகவும் கதை உண்டு.

போர் முடிந்து இருபது வருடம் கழித்து, 1938-ல், பொருளாதார மந்தத்தில் அமெரிக்கா தவித்துக்கொண்டிருந்தது. சிகாகோவில் சால்வேஷன் ஆர்மி ஏழைகளுக்கு நிதி திரட்டவும், அந்தப் பெண்களை நினைவுகூரவும் ஒரு நாள் ஒதுக்கியது. அதுதான் ஜூன் முதல் வெள்ளிக்கிழமை வரும் டோனட் தினம். இன்று கடைகள் இலவசமாக ஒரு டோனட் கொடுத்துக் கூட்டம் சேர்க்கும் நாளாகிவிட்டது.

ஒரு சின்னத் திருத்தம். அமெரிக்கச் சிப்பாய்களுக்கு ‘டோபாய்’ என்ற பட்டப்பெயர் இந்த டோனட்டால் வந்தது என்று பல இடங்களில் படிப்பீர்கள். இல்லை. அந்தப் பெயர் 1840-களின் மெக்சிகோ போர்க் காலத்திலேயே புழக்கத்தில் இருந்தது.

பான்கேக் தினம் ஏன் வருடத்துக்கு வருடம் தேதி மாறுகிறது?

ஈஸ்டர் மாறுவதால். ஈஸ்டருக்கு 47 நாட்கள் முந்தைய செவ்வாய்க்கிழமை இது. மறுநாள் தவக்காலம் தொடங்கிவிடும். பழைய முறைப்படி அந்த நாற்பது நாளும் முட்டை, வெண்ணெய், பால் எதுவும் கூடாது. வீட்டில் இருப்பதை வீணாக்காமல் தீர்க்க வேண்டும். மூன்றையும் மாவில் அடித்துக் கல்லில் ஊற்றினால் பான்கேக். யாரும் விளம்பரம் செய்யாமல், சமையலறைக் கணக்கிலிருந்தே பிறந்த தினம் இது.

இங்கிலாந்தில் ஓல்னி என்ற ஊரில் இந்த நாளில் பெண்கள் கையில் வாணலியோடு ஓடுகிறார்கள். 1445-ல் ஒரு இல்லத்தரசி பான்கேக் சுட்டுக்கொண்டிருந்தபோது தேவாலய மணி அடித்துவிட, வாணலியை வைக்கக்கூட நேரமில்லாமல் ஏப்ரனோடு ஓடினாராம். ஊர் சொல்லும் கதை இது. தூரம் 415 கெஜம். ஓடும் பெண்கள் ஏப்ரனும் தலைத்துணியும் அணிந்திருக்க வேண்டும். 1950-லிருந்து அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்து லிபரல் என்ற ஊரும் அதே நாளில் அதே தூரம் ஓடி, யார் நேரம் குறைவு என்று ஓல்னியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது.

ஐஸ்லாந்துக்காரர்கள் இதை இரண்டு நாளாக இழுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை பன் தினம். கிரீம் வைத்த பன்கள். காலையில் குழந்தைகள் அலங்கரித்த குச்சியோடு வந்து, படுக்கையில் இருக்கும் அப்பா அம்மாவைத் தட்டி எழுப்புவார்கள். எத்தனை அடியோ அத்தனை பன் தர வேண்டும் என்பது வழக்கம். செவ்வாய்க்கிழமை உப்பிட்ட ஆட்டிறைச்சியும் பட்டாணிச் சூப்பும் வயிறு வெடிக்கும்வரை. அந்த நாளின் பெயரே வெடிக்கும் நாள் என்றுதான் வருகிறது.

இப்படிச் சாப்பிட்டு யாராவது செத்திருக்கிறார்களா?

ஸ்வீடனின் அரசர் அடோல்ஃப் ஃப்ரெட்ரிக். 1771 பிப்ரவரி 12, மேலே சொன்ன அதே செவ்வாய்க்கிழமை. கல் இறால், மீன் முட்டை, புளிக்கவைத்த முட்டைக்கோஸ், புகைபோட்ட ஹெர்ரிங் மீன், ஷாம்பெயின். கடைசியில் சூடான பாலில் மிதக்கும் செம்லா பன். சாப்பிட்ட பிறகு உடல்நிலை மோசமாகி அன்றே இறந்துபோனார். 14 செம்லா தின்றார் என்பது பின்னால் ஒட்டிக்கொண்ட கதையாக இருக்கலாம். ஆனால் ‘தின்றே செத்த ராஜா’ என்ற பட்டம் மட்டும் போகவே இல்லை. ஸ்வீடன்காரர்கள் செம்லாவையும் விடவில்லை.

ஸ்வீடனில் வாஃபிளுக்கும் தனி நாள் உண்டாமே?

மார்ச் 25. கிறிஸ்துமஸுக்குச் சரியாக ஒன்பது மாதம் முன்னால், மரியாளுக்குத் தேவதூதர் சேதி சொன்ன திருநாள். ஸ்வீடிஷ் மொழியில் அதன் பெயர் ‘வோர்ஃப்ருடாகன்’. வேகமாகச் சொல்லிச் சொல்லி அது ‘வோஃபெல்டாகன்’ ஆனது. அதற்கு வாஃபிள் தினம் என்று பொருள். சரி, பெயர் வந்துவிட்டது, சுட்டுவிடலாம் என்று சுட ஆரம்பித்துவிட்டார்கள்.

அக்டோபர் 4-ல் வரும் லவங்கப்பட்டை பன் தினம் இதற்கு நேர் எதிர். வீட்டில் பேக்கிங் செய்வதை ஊக்குவிக்கும் ஓர் அமைப்பு தன் 40-வது ஆண்டையொட்டி 1999-ல் உருவாக்கியது. அந்த அமைப்பை நடத்தியவர்கள் ஈஸ்ட், மாவு, சர்க்கரை, மார்கரின் தயாரிப்பாளர்கள். பன்னுக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் விற்பவர்கள்.

நவம்பர் 11-ல் ஜப்பானிலும் கொரியாவிலும் குச்சி பிஸ்கட் கொடுப்பது ஏன்?

11/11 என்று எழுதிப் பாருங்கள். நான்கு குச்சிகள். ஜப்பானின் கிளிக்கோ நிறுவனம் சாக்லேட் தோய்த்த தன் ‘போக்கி’ குச்சிக்கு 1999-ல் இந்த நாளைப் பிடித்தது. அந்த வருடம் ஜப்பானியப் பேரரசர் ஆண்டுக் கணக்கில் ஹெய்செய் 11. ஆக 11-ஆம் ஆண்டு, 11-ஆம் மாதம், 11-ஆம் தேதி. விளம்பரக்காரர்களுக்கு இப்படி ஒரு வாய்ப்பு அடிக்கடி வராது.

கொரியாவில் லோட்டே நிறுவனத்தின் ‘பெப்பரோ’வுக்கு இந்த நாள் அதற்கு முன்பே வந்துவிட்டது. 1990-களில் நாட்டின் தென்கிழக்குப் பகுதிப் பள்ளி மாணவிகள், குச்சி மாதிரி உயரமாகவும் ஒல்லியாகவும் ஆக வேண்டும் என்று வாழ்த்தி ஒருவருக்கொருவர் பெப்பரோ கொடுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். சாக்லேட் குச்சி தின்று ஒல்லியாவதா என்று கேட்காதீர்கள். கம்பெனி அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டது.

இதில் எனக்குப் பிடித்த பகுதி அப்புறம் நடந்தது. நவம்பர் 11 கொரியாவில் 1996-லிருந்து விவசாயிகள் தினமும்கூட. மண்ணைக் குறிக்கும் சீன எழுத்தைப் பிரித்தால் பத்தும் ஒன்றும் வரும், அதனால் அந்தத் தேதி. விவசாயிகளின் நாளை பிஸ்கட் விழுங்கிவிட்டதே என்று பொறுக்காமல், 2006-லிருந்து வேளாண் அமைச்சகம் அதே நாளில் ‘கரேத்தோக்’ தினத்தைப் பரப்ப ஆரம்பித்தது. கரேத்தோக் என்பது அரிசி மாவில் செய்யும் நீளமான வெள்ளைக் குச்சி. வடிவம் ஒன்றுதான், லாபம் போகும் இடம்தான் வேறு. பெப்பரோவின் விற்பனை இதனால் அசைந்துவிடவில்லை.

மார்ச் 14 பை தினமா, வெள்ளை தினமா?

இரண்டும்தான், இடத்தைப் பொறுத்து.

அமெரிக்க முறையில் தேதியை எழுதினால் 3/14. வட்டத்தின் ‘பை’ மதிப்பு 3.14. சான்பிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரட்டோரியம் அறிவியல் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் லாரி ஷா, 1988-ல் சக ஊழியர்களுக்குப் பழப் பையும் தேநீரும் வைத்து இதைத் தொடங்கினார். தின்னும் பையும் கணக்குப் பையும் ஆங்கிலத்தில் ஒரே ஒலி. அன்று ஐன்ஸ்டைனின் பிறந்தநாளும் சேர்ந்துகொண்டது. 2019-ல் யுனெஸ்கோ இதே நாளைச் சர்வதேசக் கணித தினமாக அறிவித்தது. அலுவலகத்தில் வைத்த ஒரு சின்ன விருந்து உலக அமைப்புவரை போனது இந்த ஒரு விஷயத்தில்தான் என்று நினைக்கிறேன்.

ஜப்பானில் காதலர் தினத்தன்று பெண்கள்தான் ஆண்களுக்குச் சாக்லேட் கொடுப்பது வழக்கம். பதிலுக்கு ஆண்கள் ஏதாவது தர வேண்டாமா என்று 1977-ல் ஃபுகுவோகா நகரின் ஒரு மிட்டாய்க் கடை மார்ச் 14-ல் மார்ஷ்மெல்லோ விற்றது. இனிப்புத் தயாரிப்பாளர் சங்கம் அதை ‘வெள்ளை தினம்’ என்று நாடெங்கும் கொண்டுபோனது. கொரியாவில் இன்னும் ஒரு படி மேலே. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் யாரிடமிருந்தும் எதுவும் கிடைக்காதவர்கள் ஏப்ரல் 14 ‘கறுப்பு தினத்தில்’ கறுப்புச் சாஸ் நூடுல்ஸ் சாப்பிடுகிறார்கள்.

பீர் தினங்கள் எல்லாம் பீர் கம்பெனிகள் வைத்ததுதானே?

எல்லாம் அல்ல. மார்ச் 1 ஐஸ்லாந்தின் பீர் தினம். 1989-ல் அன்றுதான் அங்கே பீர் சட்டப்படி விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் 74 வருடம் தடை. மதுவிலக்கு 1915-ல் தொடங்கியது. 1922-ல் ஒயினுக்கு விலக்கு கொடுத்தார்கள், காரணம் ஸ்பெயின்: எங்கள் ஒயினை வாங்காவிட்டால் உங்கள் மீனை வாங்க மாட்டோம் என்றது. 1935-ல் விஸ்கி, வோட்கா போன்றவையும் வந்துவிட்டன. பீர் மட்டும் கூடாது! விலை குறைவு, இளைஞர்களைக் கெடுத்துவிடும் என்பது வாதம். வோட்கா கிடைக்கும் ஊரில் பீர் கிடைக்காது. 1980-களில் மதுக்கடைக்காரர்கள் போதையில்லாத பீரில் வோட்காவைக் கலந்து ‘பீர் மாதிரி’ என்று விற்றார்கள். 1985-ல் அதையும் தடை செய்தார்கள். நாலு வருடம் கழித்துத் தடையே போய்விட்டது.

அமெரிக்காவின் ஏப்ரல் 7-ம் இப்படித்தான். 1933-ல் முழு மதுவிலக்கு நீங்குவதற்குச் சில மாதம் முன், ஆல்கஹால் 3.2 சதவீதம் வரையிலான பீருக்கு அன்று அனுமதி வந்தது. முந்தின இரவே மதுபான ஆலை வாசல்களில் கூட்டம்.

கம்பெனி வைத்ததற்கும் ஓர் உதாரணம் வேண்டுமா? அயர்லாந்தில் கின்னஸ் பீரின் 250-வது ஆண்டுக்காக 2009-ல் அதன் உரிமையாளரான டியாஜியோ ‘ஆர்தர் தினம்’ தொடங்கியது. இது குடிப்பதற்கு ஒரு சாக்கு என்று டாக்டர்களும் இசைக்கலைஞர்கள் சிலரும் கண்டித்தார்கள். 2013-க்குப் பிறகு நடக்கவில்லை.

நுட்டெல்லா தினத்தை ஒரு ரசிகைதான் தொடங்கினாரா?

ஆமாம். இத்தாலியில் வாழ்ந்த அமெரிக்க வலைப்பதிவர் சாரா ரோசோ, ரொட்டியில் தடவும் சாக்லேட் விழுதான நுட்டெல்லாவுக்கு 2007-ல் பிப்ரவரி 5-ஐ தினமாக அறிவித்தார். செலவில்லாமல் ஆறு வருடம் விளம்பரம் கிடைத்தது. 2013-ல் தயாரிப்பாளரான ஃபெரேரோவிடமிருந்து நிறுத்தச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் வந்தது. ரசிகர்கள் கொதித்ததும் பின்வாங்கி நன்றி சொன்னார்கள். 2015-ல் தினத்தை அவரே கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டார்.

சாக்லேட் தினம் ஜூலை 7 என்கிறார்களே, அன்றுதான் சாக்லேட் ஐரோப்பாவுக்கு வந்ததா?

‘1550 ஜூலை 7-ல் வந்தது’ என்று எல்லோரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறார்கள். ஆனால் 1544-லேயே, இன்றைய குவாத்தமாலாப் பகுதியின் கெக்சி மாயா தலைவர்களை டொமினிக்கன் துறவிகள் ஸ்பெயின் இளவரசர் பிலிப்பிடம் அழைத்துப் போனார்கள். அவர்கள் கொண்டுபோன பரிசுகளில் கரைத்த சாக்லேட்டும் இருந்தது. அதற்குப் பதிவு இருக்கிறது.

இந்த மாதிரிப் பொய்க் கதைகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

நாள், மாதம், வருடம் எல்லாம் கச்சிதமாக இருந்து, யார் எழுதி வைத்தார்கள் என்பது மட்டும் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். நியூயார்க்கின் கோனி ஐலண்டில் ஜூலை 4-ல் நடக்கும் ஹாட் டாக் தின்னும் போட்டி நல்ல பாடம். 1916-ல் நான்கு குடியேறிகள், யாருக்கு நாட்டுப்பற்று அதிகம் என்று சண்டை போட்டு, தின்று தீர்த்துக்கொண்டதில் போட்டி பிறந்தது என்பது பல வருடம் செய்தித்தாள்களில் வந்த வரலாறு. 2010-ல் மோர்ட்டிமர் மாட்ஸ் என்ற விளம்பர ஆலோசகர், 1970-களில் அந்தக் கதையைத் தாங்கள்தான் இட்டுக்கட்டினோம் என்று ஒப்புக்கொண்டார்.

சாண்ட்விச் தினம் நவம்பர் 3. ஜான் மாண்டேகு என்ற சாண்ட்விச் பிரபுவின் பிறந்தநாள் என்பது கணக்கு. இன்றைய காலண்டர்ப்படி அவர் பிறந்தது நவம்பர் நடுவில். இங்கிலாந்து 1752-ல் காலண்டரை மாற்றியதால் வந்த குழப்பம் இது. சூதாட்ட மேஜையை விட்டு எழ மனமில்லாமல் ரொட்டிக்கு நடுவே இறைச்சி கேட்டார் என்ற கதையும் ஒரு பிரெஞ்சுப் பயணி எழுதிய வம்புதான். கடற்படை நிர்வாகத்தைக் கவனித்தவர், வேலை மேஜையில் சாப்பிட்டிருக்கவே வாய்ப்பு அதிகம் என்கிறார் அவர் வாழ்க்கையை எழுதிய வரலாற்றாசிரியர் என். ஏ. எம். ராட்ஜர்.

ஐக்கிய நாடுகள் சபைகூட உணவு தினம் அறிவிக்கிறதா?

அறிவிக்கிறது, ஆனால் வேடிக்கைக்காக அல்ல. பிப்ரவரி 10 பருப்பு வகைகள் தினம். மே 2 சூரை மீன் தினம். அளவுக்கு மீறிப் பிடித்து அந்த மீன் தீர்ந்துவிடக் கூடாது என்ற கவலை. தேநீருக்கு இரண்டு நாள் உண்டு: 2005-லிருந்து தொழிலாளர் அமைப்புகள் டிசம்பர் 15-ஐ அனுசரித்தன. 2019-ல் ஐ.நா. மே 21-ஐ அறிவித்தது. பல நாடுகளில் தேயிலைப் பறிப்புப் பருவம் தொடங்கும் சமயம் அது. கூலியும் விலையும் பற்றிப் பேசத் தொடங்கிய நாள், வாழ்த்து அட்டை நாளாக மாறியதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சாப்பிடாமல் எறிவதற்கும் ஒரு நாள் இருக்கிறதே?

ஸ்பெயினின் புன்யோல் ஊரில் நடக்கும் ‘தொமாத்தினா’. ஆகஸ்ட் கடைசிப் புதன். 1945-ல் ஒரு ஊர்வலத்தில் இளைஞர்களுக்குள் கைகலப்பு, பக்கத்தில் காய்கறிக் கடை. அடுத்த வருடம் வீட்டிலிருந்தே தக்காளி கொண்டுவந்தார்கள். அதிகாரிகள் தடை போட்டபோது, 1957-ல் ஊர்க்காரர்கள் சவப்பெட்டியில் பெரிய தக்காளி ஒன்றை வைத்து, ஒப்பாரி இசையோடு இறுதி ஊர்வலம் நடத்தினார்கள். தடை விலகியது. 2013-லிருந்து டிக்கெட் உண்டு. எறிவதற்கு முன் தக்காளியைக் கையில் நசுக்க வேண்டும் என்பது விதி, இல்லையென்றால் அடி பலமாகப் படும்.

நானே ஒரு தினம் தொடங்கலாமா?

தாராளமாக. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் 1960-களில் ஒரு தாய், பனியால் வீட்டுக்குள் அடைந்து நச்சரித்த பிள்ளைகளைச் சமாளிக்கக் காலை உணவாகவே ஐஸ்கிரீம் கொடுத்தார். பிள்ளைகள் அடுத்த வருடமும் கேட்டார்கள். பிப்ரவரி முதல் சனிக்கிழமை வரும் அந்தத் தினம் இப்போது பல நாடுகளில் உண்டு.

தேதியைத் தேர்ந்தெடுக்கும்போது பெரிய பண்டிகைகளைத் தவிருங்கள். வருடாவருடம் எளிதில் நினைவுக்கு வரும் காரணம் ஒன்று இருக்கட்டும். பென்சில்வேனியாவில் டாம் ராய் என்பவர் மனைவியோடு சேர்ந்து பல தினங்களை உருவாக்கியவர். ஆகஸ்ட் 8-க்கு அவர் வைத்த பெயர் ‘பக்கத்து வீட்டுத் திண்ணையில் யாருக்கும் தெரியாமல் சுக்கினி வைக்கும் இரவு’. சுக்கினி பூசணிக் குடும்பத்துக் காய். கோடையில் ஒரு செடி வைத்தாலே வீட்டில் தின்று மாளாது. தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு விளக்கமே வேண்டியதில்லை.